மாப்பிள்ளை வண்டியின் பின்கதவு

"இது தொழில்காரன் வச்ச வெல்டிங் இல்ல ஸ்டீபனு. வீட்டாளு எவனோ வச்சிருக்கான்."

பட்டறைக்கார ஜபருல்லா பாய் இதை என்னிடம் சொல்லவில்லை. பெயிண்டர் ஸ்டீபனிடம் சொன்னார். நான் இதே பெஞ்சில்தான், நீங்கள் இப்போது இருக்கிறீர்களே அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார்கள். நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கல்லூரியில் மூன்றாம் வருஷம் முடிகிற சமயத்தில் ஒருத்தி என்னிடம் வந்து, நீ புதுசா என்று கேட்டாள். வாய் திறக்காவிட்டால் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு லாபம் உண்டு. காதில் நிறைய விழும்.

வீட்டாள் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. மாமாதான். வேறு யாராக இருக்க முடியும்?

உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? பெயிண்ட் காயாமல் உங்கள் வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். எங்களுடையது அதோ, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. இன்றைக்கு எடுத்துப் போகிறோம். அப்பாவும் அம்மாவும் மன்னார்குடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். வேலை ஆரம்பித்ததிலிருந்து அப்பா இந்தப் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை, இன்றுதான் வருகிறார். அதனால் எனக்குப் படபடப்பாக இருக்கிறது. படபடப்பு வந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு வாடகைக் கடை. பந்தல், நாற்காலி, அண்டா, குத்துவிளக்கு, கல்யாண வீட்டுக்கு வேண்டியது எல்லாம். கூடவே இந்த வண்டி. பழைய பியட், கூரை கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் பக்கத்தில் இதை விட்டால் வேறு திறந்த வண்டி இல்லாத காலம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வண்டி என்று சொன்னால் போதும், ரிக்‌ஷாக்காரர் நேராக எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து விடுவார். நான் அந்தக் கடையிலேயேதான் வளர்ந்தேன். கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பச்சை இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் இடித்துத்தான் இந்தக் கட்டைவிரல் நகம் விழுந்து மறுபடி முளைத்தது. கோணலாக இருக்கிறது பாருங்கள்.

அப்பா ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார். பந்தலில் நாற்காலிக் கால் முறிந்தால் பட்டறைக்கு அனுப்ப மாட்டார். கடைக்குப் பின்னாலேயே வெல்டிங் மிஷின் வைத்திருந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே ஒட்டிவிடுவார். அந்த வண்டியில் இருக்கிற சிம்மாசனமும் அவர் வைத்ததுதான். முன்னே சாதாரண சீட்டுதான் இருந்தது. அதில் உட்கார்ந்தால் மாலை தெரிகிறது, மாப்பிள்ளை தெரியவில்லை என்று பெண் வீட்டுக்காரர்கள் குறைப்பட்டார்கள். அப்பா தச்சரிடம் சொல்லி, சிங்க முகம் வைத்த கைப்பிடி, சிவப்பு வெல்வெட் எல்லாம் போட்டு ஒன்று செய்ய வைத்தார். வண்டியில் அது உட்கார இடம் போதவில்லை. அடியில் எதையோ எடுத்து இடம் பண்ணி, தன் கையாலேயே போல்ட் போட்டு முடுக்கினார். மாமா அப்போது வெளியூர் போயிருந்தார். வரட்டும் என்று அம்மா சொன்னதற்கு, இதுக்கெல்லாம் எதுக்கு அவன் என்றார். அவ்வளவு ஆசை அவருக்கு.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வைத்திலிங்கம். வண்டிக்கு டிரைவர் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். வண்டியை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மாசனம் வைத்த பிறகு வந்த முதல் முகூர்த்தம். எனக்கு ஐந்தோ ஆறோ வயது. முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் நான். பின்னால் சிம்மாசனத்தில் மாப்பிள்ளை, கோட்டும் சூட்டும், மூக்குவரை மாலையும். தேரடி திருப்பத்தில் வண்டி திரும்புகிறது, பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறது. மாப்பிள்ளை மாலையோடு உருண்டு நாகஸ்வரக்காரர் காலடியில் போய் விழுந்தார். தோள்பட்டை விலகிவிட்டது. மறுநாள் ஒரு கை கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் தொங்க, மறு கையால் தாலியைக் கழுத்துவரை கொண்டுபோனார். அதைப் பிடித்து முடிந்ததெல்லாம் நாத்தனார்தான். இன்றைக்கும் அவர் அந்தத் தெருவில் கட்டுக்கை மாப்பிள்ளைதான். அவருக்குப் பேரன் வந்துவிட்டால்கூட அந்தப் பெயர் போகாது.

மேளம் நின்ற அந்த இடத்திலேயே, அவ்வளவு ஜனம் பார்க்க, அப்பா மாமாவைக் கேட்டார். "கதவுப் பூட்ட ஒழுங்கா மாட்டத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கா?"

மாமா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தவர்தான். பட்டுக்கோட்டையில் தனியாகப் பட்டறை போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

நான் இதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கதவு திறந்துகொண்டால் கதவைத்தானே பார்க்க வேண்டும்? அவர் எதற்காக அடியில் பார்த்தார்? தப்புப் பண்ணினவர்தான் தடயம் தெரிகிறதா என்று பார்ப்பார். சரிதானே?

அதற்குப் பிறகு அந்தப் பின்கதவுகள் இரண்டும் திறந்ததில்லை. அப்பாதான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை காலை வைத்து ஏறக் கூடாது, மாப்பிள்ளையின் தாய்மாமன் அவரைத் தூக்கிக் கதவுக்கு மேலாகச் சிம்மாசனத்தில் உட்கார வைக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று. ஜனங்களுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா? மாமன் தூக்கும்போது தனி மேளம், தனி ஆரத்தி. கனத்த மாப்பிள்ளையாக இருந்தால் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரையும் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது ஜீப்பிலும் குதிரை வண்டியிலும்கூட எங்கள் ஊரில் மாமன்தான் தூக்குகிறார். யாரைக் கேட்டாலும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் என்பார்கள். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரே மாமா. அவர் போன வாரமே போன் பண்ணி, தனக்கு இடுப்பில் தட்டு விலகியிருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவைத்துவிட்டார். விலகியிருக்கிறதோ இல்லையோ, யார் கண்டது.

ஆமாம், எனக்குத்தான் கல்யாணம். ஆவணியில். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். வண்டி ஐந்தாறு வருஷமாகக் கொட்டகையில் கிடந்து தரை துருப்பிடித்துவிட்டது. என் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வர வேண்டும் என்று அப்பா பிடிவாதம். அம்மாவுக்கு வேறு பிடிவாதம். தன் அண்ணன் இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்றாள். என் அம்மா எதற்கும் குரல் உயர்த்தாதவள். அதையும் உயர்த்தாமல்தான் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டை அப்பா முன்னால் வைத்துவிட்டு, சாம்பாரை ஊற்றாமல் கையில் கரண்டியோடு நின்றுகொண்டு சொன்னாள்.

"வண்டியைப் பிரிக்கத்தானே போறோம். ஒங்க அண்ணன் லட்சணம் அப்ப தெரியும்" என்றார் அப்பா.

"அண்ணன் வேலை சரியா இருந்துச்சுன்னா?"

"இருந்தா நானே தட்டு எடுத்துக்கிட்டுப் போய்க் கூப்புடுறேன். இல்லன்னா அந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது."

அம்மா சாம்பாரை ஊற்றினாள்.

அப்புறம் யார் இங்கே வந்து உட்காருவது என்ற கேள்வி. பட்டறைக்காரர்களை நம்ப முடியாது, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிவிடுவார்கள். என் பெண் கண்ணில் எதுவும் தப்பாது என்று அப்பா சொன்னார். அதனால் நான் வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு போவேன்.

சிம்மாசனத்தைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியை இங்கே அனுப்பியிருந்தோம். முதலில் பெயிண்டைச் சுரண்டினார்கள். பாய் கூரை இருந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கம்பெனியிலேயே திறந்த வண்டியாக வந்தது என்றுதான் அப்பா எல்லாரிடமும் சொல்வார். பாய், "ரம்பம் போட்ட தடம்மா இது, யாரோ கூரைய வெட்டி எடுத்துட்டு வித்திருக்கான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாங்கிக் கொடுத்தது யார்? மாமா. முதல் நாளிலிருந்தே ஏமாற்று வேலை. அம்மாவிடம் சொன்னேன். கூரை வெட்டின வண்டி என்று அண்ணன் சொல்லித்தான் உங்க அப்பா வாங்கினார், கம்பெனிக் கதை அப்புறம் வந்தது என்றாள். அம்மா இப்படித்தான் சொல்வாள். அவளுக்கு அண்ணன்.

அடுத்து பின்கதவு. பெயிண்டுக்குக் கீழே ஓர் அங்குலக் கனத்துக்குப் பட்டிப் பசை அப்பியிருந்தது. அதை உளியால் தட்டத் தட்டப் பாளம் பாளமாக விழுந்தது. அதற்குக் கீழே கதவையும் வண்டி உடம்பையும் சேர்த்து வெல்டிங். பாகற்காய்த் தோல் மாதிரி, முடிச்சு முடிச்சாக. அப்போதுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, வீட்டாளு எவனோ என்று. கதவு விஷயம் வெளியே தெரியாமலிருக்க மாமாதான் இழுத்து ஒட்டியிருக்கிறார்.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. மாமா போகிற அன்று கதவு திறந்ததே, பிறகு எப்படி அவர் ஒட்டியிருப்பார் என்றுதானே? ஸ்டீபனும் அதைத்தான் கேட்டார். திரும்பி வந்திருக்கலாம் இல்லையா? கொட்டகைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்திருக்கலாம். இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லையே.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். கடைக்குப் போய் இரும்பு நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒட்டின கால்கள் எல்லாவற்றிலும் அதே பாகற்காய்த் தோல். அப்படியானால் பாருங்கள், மாமா எங்கள் நாற்காலிகளையும் விட்டுவைக்கவில்லை. அப்பா கஷ்டப்பட்டு ஒட்டினதன் மேலேயே அவர் ஒட்டியிருக்க வேண்டும்.

கதவு இடுக்கில் துணி திணித்திருந்தது. பட்டி உள்ளே விழாமல் இருக்க அப்படித் திணிப்பார்களாம், சோம்பேறி வேலை என்றார் பாய். ஸ்டீபன் கொக்கியால் இழுத்துப் போட்டார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. என் கவுன். சின்னப் பிள்ளையில் நான் போட்டது, கைப்பகுதி மட்டும் கிழிசலாக வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்திருக்கிறார், அதுவும் ஒரு குழந்தையின் துணியை. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைக் கையில் வாங்கி மடியில் விரித்து நீவினாள்.

"இது மாமா போனதுக்கப்புறம் வந்த தீபாவளிக்கு ஒங்க அப்பா எடுத்தது. மாமா இல்லைன்னு நீ அழுதுகிட்டே இருந்த. அதுக்காக எடுத்தாங்க" என்றாள்.

தீபாவளித் துணியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அண்ணனைக் காப்பாற்ற அம்மா எது வேண்டுமானாலும் சொல்லுவாள். அம்மாவைச் சந்தேகப்படுகிறேனே என்று எனக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் என்ன செய்வது?

டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.

கடைசியில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் பாய் என்னைக் கூப்பிட்டார். தரைக்கு அடியில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறது. போட்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் அடிக்கட்டை மாதிரி மிச்சம் நிற்கிறது, நடுவில் ஒரு முழத்துக்குக் காணோம். இந்த மாதிரி வண்டியில் கூரையை வெட்டினால் நடுவில் தொய்யும், தொய்ந்தால் கதவு நிற்காது, அதற்காக எவனோ விவரமானவன் இதைப் போட்டிருக்கிறான், இந்த வெல்டிங்கைப் பார், நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பாய் தன் மச்சானையே மெச்சுகிற மாதிரி மெச்சினார். பிறகு வேறு எவனோ விவரமில்லாதவன் நடுவில் ரம்பத்தைப் போட்டிருக்கிறான். அன்றைக்கே கதவு போயிருக்கும், பூட்டு என்ன பண்ணும் பாவம் என்றார். எதுக்கு வெட்டினான் என்றுதான் புரியவில்லை, இதுக்கு மேலே என்ன இருந்தது என்று கேட்டார்.

சிம்மாசனம் இருந்தது என்று சொன்னேன்.

பாய் ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இந்தப் பார்வையெல்லாம் எனக்குத் தப்பாது. இவர்களுக்கும் மாமாவுக்கும் ஏதோ பழக்கம் இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். ஒரே தொழில்காரர்கள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பார்களா?

மிச்சம் நின்ற இரும்பில் பச்சை பெயிண்ட் இருந்தது. படத்தைப் பார்த்ததும் அம்மா சொல்லிவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கின சட்டம் அது, அண்ணன் பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தான் என்று. சரி, மாமாதான் போட்டார், ஒத்துக்கொள்கிறேன். போட்டவரே வெட்டியிருக்கலாம் இல்லையா? ஏதாவது கோபத்தில்? பச்சை பெயிண்டை வைத்து என்ன சொல்ல முடியும்? பச்சை பெயிண்ட் எங்கேதான் இல்லை? எங்கள் கடைக் கதவு முட்டுகூடப் பச்சைதான். அதற்காக?

அப்பாவிடமும் காட்டினேன். மற்ற படங்களை எல்லாம் அவர் ம், ம் என்று தள்ளிவிட்டுத்தான் பார்ப்பார். இதை மட்டும் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "சிம்மாசனத்துக்கு நேர் கீழயா?" என்றார். ஆமாம் என்றேன். "கதவு அதனாலயா?" என்றார். பாய் அப்படித்தான் சொல்கிறார், அவர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதில்லை என்றேன். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பாவம், சொந்த மச்சான் இப்படிப் பண்ணிவிட்டானே என்று அவருக்குத் தாங்கவில்லை. நான்தான் ஆறுதல் சொன்னேன். விடுங்கப்பா, கல்யாணத்துக்கு மாமா வராவிட்டால் என்ன, ஒன்றுவிட்ட மாமா யாரையாவது தாய்மாமன் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் சொல்வது சரிதானே? நீங்கள் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

ஆட்டோ சத்தம். அவர்கள்தான். இருங்கள், எழுந்திருக்க வேண்டாம், அந்த வேன் மறைக்கிறது, உங்களுக்குத் தெரியாது. நானே சொல்கிறேன்.

அப்பா இறங்குகிறார். கையில் ஒரு சாக்குப் பை. கனமாக இருக்கும் போல, தோள் ஒரு பக்கம் சாய்கிறது. அம்மா பட்டுப்புடவையில் வருகிறாள், எதற்கு என்று தெரியவில்லை. கையில் பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, சீப்புப் பழம், தேங்காய், மஞ்சள் தடவின பத்திரிகை. கோயிலுக்குப் போகிறார்களோ?

பாய் தார்ப்பாயை உருவுகிறார். நன்றாக வந்திருக்கிறது வண்டி, கருநீலம். பின்கதவைத் திறந்து காட்டுகிறார், மூடிக் காட்டுகிறார். சத்தமே இல்லை. அப்பா கதவைத் தொடவில்லை. பாயிடம் ஏதோ கேட்கிறார். பாய் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறார்.

அப்பா உள்ளே ஏறி மண்டிபோடுகிறார். மறுபடி மாட்டி வைத்திருந்த சிம்மாசனத்தைக் கழற்றுகிறார். இப்போது எதற்கு? ஸ்டீபன் உதவிக்குப் போகிறார், அப்பா வேண்டாம் என்று கை காட்டுகிறார். இப்போது தூக்கிவிட்டார். அவரே சுமந்துகொண்டு போய்ச் சுவர் ஓரமாக, பழைய டயர்களுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார். வெல்வெட்டில் கிரீஸ் படுகிறது. நான் போகட்டுமா? இல்லை, அம்மா என்னை வராதே என்று தலையசைக்கிறாள்.

அப்பா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அமிர்தம், ஏறு" என்கிறார். அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். தாம்பாளம் மடியில் இருக்கிறது. அப்பா பாயிடம் பட்டுக்கோட்டை ரோட்டில் பாலம் வேலை முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்.

சாக்குப் பையை அவிழ்க்கிறார். எங்கள் கடைக் கதவு முட்டு அது, அந்த ஒரு முழ இரும்பு. துடைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கிறாள். அப்பா குனிந்து, தாம்பாளத்தில் இருந்த பழச் சீப்பை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அந்தப் பச்சை இரும்பைப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.